சுவர் யாருடையது?

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரில் 2015-ஆம் ஆண்டு ஒரு விசித்திரம் நடந்தது. மே மாதம் 9-ஆம் தேதி தொடங்கி நவம்பர் 22-ஆம் தேதி முடிய, ஆறு மாதத்துக்கும் மேலாக, ஒரு மண்டபத்தில் காரல் மார்க்ஸின் 'மூலதனம்' நூலை நடிகர்கள் உரக்கப் படித்தார்கள். எங்கே படித்தார்கள்? தொழிற்சங்கக் கட்டடத்திலா? ஆலை வாசலிலா? இல்லை. உலகத்துக் கோடீஸ்வரர்கள் சொந்தக் கப்பலில் வந்து இறங்கிச் சித்திரம் பார்த்துப் போகும் வெனிஸ் பியனாலே என்ற கலைக் கண்காட்சியின் நடு மண்டபத்தில் படித்தார்கள்!

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் ஒக்வுயி என்வேசோர். நைஜீரியாவில் பிறந்த கறுப்பர். 1895-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியின் சரித்திரத்தில், ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த ஒருவர் தலைமைப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை. 2019-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி, தமது 55-வது வயதில், ஜெர்மனியின் மூனிச் நகரில் புற்றுநோயால் அவர் காலமானார்.

"சித்திரக் கண்காட்சிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஷிப்டு முடிந்து வந்தால் உடம்பு கெஞ்சுகிறது. நடவுக்குப் போய் வந்தால் இடுப்பு நிமிரவில்லை. இதில் வெனிஸ் என்ன, மூனிச் என்ன?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த மனிதரின் வேலையைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

க்யூரேட்டர் என்பவர் யார்?

என்வேசோரின் தொழிலுக்கு க்யூரேட்டர் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு மூலத்தில் 'பராமரிப்பவர்' என்று அர்த்தம். மியூசியத்துச் சாமான்களைப் பூச்சி அரிக்காமல், ஈரம் தாக்காமல் காத்து, பதிவேட்டில் எழுதி வைப்பவரையே முன்னாளில் அப்படி அழைத்தார்கள். பிற்காலத்தில் வேலை விரிந்தது. எந்தக் கலைஞனை அழைப்பது, யாரை விட்டுவிடுவது, எந்தப் படத்தை எதன் பக்கத்தில் மாட்டுவது, பார்க்க வருகிறவர்களுக்கு என்ன விளக்கம் எழுதி வைப்பது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவராக க்யூரேட்டர் ஆனார்.

மில் தொழிலாளிக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மில் கேட்டில் பதிலிகள் வரிசையாக நிற்கிறார்கள். "நீ வா, நீ போ" என்று மேஸ்திரி கை காட்டுகிறான். உள்ளே போனவனுக்கு அன்று கூலி உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு இல்லை. வெளியே நிற்பவனுக்கு வேலை தெரியாதா? நன்றாகத் தெரியும். கேட்டைத் திறக்கும் அதிகாரம் வேறொருவன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். கலை உலகத்துக்கும் அப்படி ஒரு கேட் உண்டு. ஆப்பிரிக்காவும் ஆசியாவும் லத்தீன் அமெரிக்காவும் அந்தக் கேட்டுக்கு வெளியே வெகு காலம் நிறுத்தப்பட்டிருந்தன.

அவர்கள் செய்த பொருள்கள் மட்டும் உள்ளே போயின. எப்படிப் போயின? 1897-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படை, இன்று நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தின் மீது பாய்ந்தது. அரண்மனையில் இருந்த பித்தளை, வெண்கல, தந்த வேலைப்பாடுகளை ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டு போயிற்று. அவை ஐரோப்பிய மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஏறின. அதற்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1984-இல், நியூயார்க் நகரத்து நவீனக் கலை மியூசியம் ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. பிக்காஸோ முதலியோரின் படைப்புகளுக்கு அருகில் ஆப்பிரிக்க முகமூடிகளை வைத்தது. ஐரோப்பியன் செய்ததற்குப் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தன. முகமூடியைச் செதுக்கியவனுக்குப் பெயரும் இல்லை, காலமும் இல்லை. ஒருவன் கலைஞன், இன்னொருவன் பெயரற்ற கூட்டம்! கண்டனம் எழுந்தது, நியாயமாகவே எழுந்தது.

இந்த நிலைமையை மாற்றுவதற்குத்தான் என்வேசோர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

யுத்தக் குழந்தை

அவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. 1963-ஆம் ஆண்டு, நைஜீரியா சுதந்திரம் பெற்ற மூன்றாவது வருஷத்தில், கலபார் நகரத்தில் வசதியுள்ள ஓர் இக்போ குடும்பத்தில் பிறந்தார். ஆனால் வசதி அவரைக் காக்கவில்லை. 1967-இல் பயாஃப்ரா யுத்தம் மூண்டது. 1970 வரை நீடித்த அந்த உள்நாட்டு யுத்தத்தில் குண்டுக்கும் பசிக்கும் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். அவருடைய குடும்பம் ஊர் ஊராக ஓடியது.

1982-இல் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் குடியேறினார். நியூஜெர்ஸியில் அரசியல் விஞ்ஞானம் படித்து 1987-இல் பட்டம் பெற்றார். சித்திரக் கல்லூரியில் பயின்றவர் அல்ல. கவிதை எழுதினார், மேடையில் படித்தார். கண்காட்சிகளுக்குப் போய்ப் பார்த்தார். ஆப்பிரிக்காவின் பழைய முகமூடி இருக்கிறது. இன்று உயிரோடு இருக்கும் ஆப்பிரிக்கக் கலைஞன் எங்கே? அவன் இல்லை.

முதலில் என்ன செய்தார்? ஒரு பத்திரிகை தொடங்கினார். 1994-இல் வெளிவந்த அந்தப் பத்திரிகைக்கு 'ன்கா' என்று பெயர். இக்போ மொழியில் கலை என்று பொருள். கையில் பணமோ பதவியோ இல்லாதவன் முதலில் எடுக்கும் ஆயுதம் பத்திரிகைதான் என்பது இந்த ஏட்டின் வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

இரண்டே ஆண்டில் கேட் சற்றுத் திறந்தது. 1996-இல் நியூயார்க் குகென்ஹைம் மியூசியத்தில், 1940 முதல் ஆப்பிரிக்கர்கள் எடுத்த புகைப்படங்களின் கண்காட்சியை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். மாலி நாட்டின் பமாக்கோ நகரத்து ஸெய்து கெய்தாவின் படங்கள் அதில் இருந்தன. கெய்தா கடைத்தெருப் புகைப்படக்காரர். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் அணிந்துகொள்ளக் கைக்கடிகாரமும் கோட்டும் ஸ்டூடியோவிலேயே வைத்திருந்தார். வந்தவர்கள் தம்மிடமுள்ள நல்ல உடையை உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, காமிராவை நேராகப் பார்த்தார்கள். வெள்ளைக்காரன் எடுத்த படங்களில் ஆப்பிரிக்கன் ஒன்று வேட்டைப் பொருளாக இருந்தான், இல்லாவிட்டால் பஞ்சத்தில் அடிபட்டவனாக இருந்தான். கெய்தாவின் படத்தில் அவன் மனிதனாக இருந்தான். தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று தானே தீர்மானித்தவனாக இருந்தான்.

காகிதமும் துணியும் சாட்சி

என்வேசோரின் ஆராய்ச்சி இங்கிருந்துதான் வளர்ந்தது. புகைப்படம், பத்திரிகைத் துணுக்கு, போஸ்டர், சர்க்கார் தஸ்தாவேஜு ஆகியவற்றை யார் உண்டாக்குகிறார்கள், யார் சேர்த்து வைக்கிறார்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சரித்திரம் எழுதுகிறவன் அலமாரியைத் திறந்துதான் எழுத வேண்டும். அலமாரியில் எதைப் பூட்டி வைப்பது என்று தீர்மானிக்கிறவனே பாதிச் சரித்திரத்தை எழுதிவிடுகிறான்.

2001-இல் மூனிச்சில் 'குறுகிய நூற்றாண்டு' என்ற கண்காட்சியை அவர் அமைத்தார். 1945 முதல் 1994 வரை ஆப்பிரிக்காவில் நடந்த விடுதலை இயக்கங்களைப் பற்றியது அது. ஏன் 1945? அந்த ஆண்டு அக்டோபரில்தான் குவாமே நிக்ருமா, ஜோமோ கென்யாட்டா முதலியோர் கலந்துகொண்ட ஆப்பிரிக்கர் மாநாடு பிரிட்டனில் கூடியது. எந்த ஊரில்? பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில்! ஏன் 1994? அந்த ஆண்டுதான் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி வீழ்ந்து, கறுப்பர்கள் ஓட்டுப் போட்டார்கள். இந்தக் கண்காட்சியில் சித்திரங்களோடு போஸ்டர்களும் சினிமாவும் இசையும் இருந்தன. விடுதலைத் தலைவர்களின் முகம் அச்சிட்ட துணிகளும் இருந்தன. பெண்கள் இடுப்பில் கட்டி நடந்த துணி மியூசியச் சுவரில் ஏறியது. அது பின்னர் பெர்லினுக்கும் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் சென்றது.

2012-இல் நியூயார்க்கில் நிறவெறி ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் புகைப்படங்களால் காட்டினார். தலைப்பிலேயே 'அன்றாட வாழ்வின் அதிகாரவர்க்கம்' என்ற சொற்களைச் சேர்த்திருந்தார். நிறவெறி என்றால் துப்பாக்கி மட்டுமா? 1960 மார்ச் 21-இல் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேரைக் கொன்றதை உலகம் அறியும். அவர்கள் எதற்காகக் கூடினார்கள்? பாஸ் புத்தகத்தை எதிர்த்துக் கூடினார்கள். தன் சொந்த நாட்டில் ஓர் ஊரில் நடமாடக் கறுப்பன் எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய புத்தகம் அது. எர்னஸ்ட் கோல் என்ற கறுப்பர் இந்தக் கொடுமையைப் படம் எடுத்தார். தங்கச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில், வைத்தியப் பரிசோதனை என்ற பெயரில், தொழிலாளிகளை நிர்வாணமாக வரிசையில் சுவரைப் பார்த்து நிற்கவைத்ததை அவர் படம் காட்டியது. 1967-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தை நிறவெறி சர்க்கார் தடை செய்தது. ஒரு புகைப்படத்தைக் கண்டு ஒரு சர்க்கார் பயப்படுகிறது என்றால், கலை உழைப்பாளிக்குச் சம்பந்தமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

கஸ்ஸெலிலும் மூனிச்சிலும்

ஜெர்மனியில் கஸ்ஸெல் என்ற தொழில் நகரம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு வீச்சில் தரைமட்டமானது. அங்கே 1955-இல் டாக்குமென்டா என்ற கண்காட்சி பிறந்தது. இப்போது ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நூறு நாள் நடக்கிறது. 2002-இல் நடந்த பதினோராவது கண்காட்சிக்கு என்வேசோர் தலைவரானார். ஐரோப்பியர் அல்லாத ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுவே முதல் முறை.

அவர் முதலில் செய்த காரியம், கண்காட்சியைக் கஸ்ஸெலிலிருந்து வெளியே இழுத்ததுதான். மொத்தம் ஐந்து மேடைகள். வியன்னாவில் ஜனநாயகத்தைப் பற்றி விவாதம். புது டெல்லியில், கொடுங்கோல் ஆட்சிகள் விழுந்த பிறகு நீதி செய்வது எப்படி என்று விவாதம். மேற்கிந்தியத் தீவான செயின்ட் லூசியாவில் ஒன்று. நைஜீரியாவின் லாகோஸில், ஆப்பிரிக்க நகரங்களைப் பற்றி ஒன்று. ஐந்தாவதுதான் கஸ்ஸெல் கண்காட்சி. உலகம் ஐரோப்பாவுக்கு வந்து தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வழக்கத்தை அவர் திருப்பிப் போட்டார்.

கஸ்ஸெலில் எதை மாட்டினார்? துறைமுகத் தொழிலாளர்களையும் கப்பல் சரக்குப் பெட்டிகளையும் ஆண்டுக்கணக்காகப் படம் எடுத்த அமெரிக்கர் ஆலன் செகுலாவின் படங்களை மாட்டினார். தெற்கு குஜராத்தின் உழைப்பாளிகளை, வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகும் கூலிகளைப் படம் எடுத்த இந்தியர் ரவி அகர்வாலின் படங்களை மாட்டினார். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்தார்கள்.

2011 முதல் 2018 வரை மூனிச் நகரத்துக் கலை மாளிகைக்கு அவர் இயக்குநராக இருந்தார். அந்த மாளிகையைக் கட்டியது ஹிட்லர் ஆட்சி. 1937 ஜூலையில் ஹிட்லரே திறந்து வைத்தான். 'தூய' ஜெர்மன் கலையை மட்டும் காட்டுவதற்கான மாளிகை அது. திறந்த மறுநாளே, தங்களுக்குப் பிடிக்காத நவீனக் கலைஞர்களை 'சீரழிந்தவர்கள்' என்று கேலி செய்யப் பக்கத்திலேயே இன்னொரு கண்காட்சியையும் நாஜிகள் திறந்தார்கள். அந்த மாளிகையில் ஓர் ஆப்பிரிக்கர் பொறுப்பேற்று, 2016-இல் யுத்தத்துக்குப் பிந்திய இருபதாண்டுக் கலையைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார். 65 நாடுகளின் கலைஞர்கள் 218 பேர் அதில் இடம்பெற்றார்கள். நவீனக் கலை பாரிஸிலும் நியூயார்க்கிலும் பிறந்து மற்ற நாடுகளுக்குத் தானமாக வந்தது என்ற கதைக்கு அந்தச் சுவர்களே மறுப்புச் சொல்லின.

மூட்டை தூக்குபவனின் சாக்கு

இப்போது வெனிஸுக்கு வருவோம். 2015 கண்காட்சிக்கு அவர் 136 கலைஞர்களை அழைத்தார். மூன்று உதாரணம் போதும்.

கானா நாட்டு இளைஞர் இப்ராஹிம் மஹாமா, கந்தல் சணல் சாக்குகளைத் தைத்து இணைத்து ஒரு நெடும் பாதையின் இருபுறச் சுவரையும் மூடினார். ஆசியாவில் நெய்த சாக்கு கானா போகிறது. கொக்கோ கொட்டை அதில் ஏறி ஐரோப்பாவின் சாக்லேட்டுக்காகப் பயணப்படுகிறது. பழசான பின் அடுப்புக்கரி கட்ட உதவுகிறது. கிழிசல், ஒட்டு, கரிக்கறை, சாக்குக்குரியவனின் பெயர் எல்லாம் அதில் அப்படியே தெரிந்தன. சாக்லேட் தின்கிறவன் கொக்கோ மூட்டையைப் பார்த்ததில்லை. அன்று அவன் அதன் நடுவே நடந்துதான் போக வேண்டியிருந்தது.

கொரிய நாட்டு இம் ஹியுங்-சூன் ஒரு படம் காட்டினார். அவருடைய தாய் தையல் ஆலையில் நாற்பதாண்டுக்கு மேல் உழைத்தவர். கொரியாவிலும் கம்போடியாவிலும் ஆலையில் உழைக்கும் பெண்கள் அந்தப் படத்தில் தங்கள் வாயால் பேசினார்கள். அதற்கு வெள்ளிச் சிங்க விருது கிடைத்தது.

கேரளத்தைச் சேர்ந்த மதுசூதனன், மார்க்ஸை வைத்துக் கரித்துண்டால் வரைந்த ஓவியங்களைக் காட்டினார். அவருடைய இன்னோர் ஓவிய வரிசை, 1921 நவம்பரில் நடந்த வாகன் கொடுமையைப் பற்றியது. மலபார் கலகத்தில் பிடிபட்டவர்களை அடைத்த சரக்கு வண்டியை வெள்ளையர் திரூரிலிருந்து அனுப்பினார்கள். அது நமது போத்தனூருக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தார்கள். ஏறத்தாழ 70 பேர் மாண்டார்கள். கோயம்புத்தூர்த் தோழர்கள் நாள்தோறும் கடந்து போகும் ஸ்டேஷன் அது.

வளைகுடா நாட்டில் மியூசியம் கட்டும் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த கலைஞர் கூட்டணிக்கும் என்வேசோர் இடம் கொடுத்தார். அபுதாபியில் எழும் குகென்ஹைம் மியூசியத்தைக் கட்டுவது யார்? இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஏஜென்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிப் போனவர்கள். அவர்களுக்கு நியாயம் கிடைக்கும்வரை அந்த மியூசியத்துக்குப் படைப்புத் தரமாட்டோம் என்று அந்தக் கலைஞர்கள் பகிஷ்காரம் செய்தார்கள். 1996-இல் என்வேசோருக்குக் கேட்டைத் திறந்ததும் அதே குகென்ஹைம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புகழ் மட்டும் பாடலாமா?

கூடாது. 'மூலதனம்' வாசிப்பை மேடையேற்றிய ஐசக் ஜூலியன் என்ற கலைஞர், அதே ஆண்டு, அதே வெனிஸில், ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனி பணம் கொடுத்து எடுக்கச் செய்த படம் ஒன்றையும் காட்டினார். ஒரு மண்டபத்தில் உபரி மதிப்பு. இன்னொரு மாளிகையில் கோடீஸ்வரன் கார்! விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். நடந்துகொண்டே ஐந்து நிமிடம் காதில் வாங்கிப் போகிறவனுக்கு மார்க்ஸ் என்ன புரியும் என்றும் கேட்டார்கள். கேட்டது சரிதான்.

1997-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் அவர் நடத்திய கண்காட்சியும் பாடம் சொல்கிறது. வணிகப் பாதைகள் என்ற பொருளில் உலகக் கலைஞர்களை அங்கே வரவழைத்தார். ஆனால் உள்ளூர்க் கறுப்பர் குடியிருப்பு மக்களை அது எட்டவில்லை என்ற குறை எழுந்தது. பணமில்லை என்று குறித்த காலத்துக்கு முன்பே மூடிவிட்டார்கள். மக்கள் தம்முடையது என்று கருதாத கண்காட்சியை மூடினால், யார் வந்து கேட்பார்கள்?

முதலாளி வர்க்கம் கெட்டிக்கார வர்க்கம். தன்னைத் திட்டும் படத்தையும் விலை கொடுத்து வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளும். என்வேசோர் இதை அறியாதவர் அல்ல. கேட்டில் நின்று, தம் கைக்கு எட்டிய வரைக்கும், வெளியே நின்றவர்களை உள்ளே விட்டார். கேட்டின் உடைமைப் பத்திரம் கடைசிவரை வேறொருவர் பெட்டியில்தான் இருந்தது. அதை மாற்றுவது ஒரு க்யூரேட்டரால் ஆகிற காரியமல்ல. அதற்காக அவர் செய்ததை அற்பம் என்று தள்ளுவது அறியாமை. சாக்கு மூட்டையும் தையல்காரத் தாயும் சுரங்கத் தொழிலாளியும் ஒரு தடவை அந்தச் சுவரில் ஏறிவிட்டார்கள். இனி இறக்கினால், இறக்கியவன் காரணம் சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பம்பாயில் பஞ்சாலைகள் மூடப்பட்டன. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் உழைத்த நிலத்தில் இன்று கடை மாளிகைகள் நிற்கின்றன. இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. அங்கே நூற்றவர்கள், நெய்தவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள் முகம் எங்கே இருக்கிறது? யாரோ ஒரு தொழிலாளி வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டி மழையில் நனைந்தால் சரித்திரமும் நனைந்தது.

மில் முதலாளிக்கு ஆபீசில் எண்ணெய்ச் சாயப் படம் இருக்கிறது. பண்ணையாருக்கு வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட படம் இருக்கிறது. நடவு நட்ட பெண்ணுக்கு என்ன இருக்கிறது? சங்கத்தின் முதல் ரசீதுப் புத்தகம், ஊர்வலத்தில் எடுத்த மங்கிய போட்டோ, கதவடைப்பு நோட்டீஸ், கூலி உயர்வு ஒப்பந்தத்தின் நகல், வயதான தொழிலாளியின் ஞாபகம் ஆகியவைதான் நம்முடைய மியூசியச் சொத்து. அவற்றைச் சேர்க்க வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் வருஷத்தையும் பின்புறம் எழுதி வைக்க வேண்டும். சங்கக் கட்டடத்தில் சுவர் இருக்கிறது, ஆணிக்கும் பஞ்சமில்லை.

பெயரில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தப்பட்ட ஒரு கண்டத்துக்குப் பெயர் கேட்டுப் போராடினார் என்வேசோர். அவர் நடத்திய கண்காட்சிகள் நூறு நாளில், இருநூறு நாளில் முடிந்துபோயின. "இதைச் செய்தவன் யார், அவன் பெயர் என்ன?" என்று அவர் கேட்ட கேள்வி முடியவில்லை. நெய்த துணிக்கும் விளைந்த நெல்லுக்கும் அதே கேள்வியை நாம் கேட்க வேண்டியிருக்கிறது.